வட சென்னை மண் எப்படி ஆடும்? திட்ட அனுமதி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலும் பெருநகர சென்னை மாநகராட்சியிலும் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான மண் பரிசோதனை பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். வரைபடத்தோடு வரும் மண் அறிக்கையைப் புரட்டினால் பெரும்பாலும் எல்லோரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: எஸ்.பி.சி., அதாவது மண்ணின் பாதுகாப்பான தாங்குதிறன், எவ்வளவு, சதுர மீட்டருக்கு எத்தனை டன்? அசையாமல் நிற்கும் கட்டடத்தின் எடையை மண் தாங்குமா என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லும். நிலம் ஆடும்போது அதே மண் அந்த ஆட்டத்தைப் பெருக்குமா, பிடிமானத்தை இழக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. வட சென்னையில் இந்த இரண்டாவது கேள்விதான் பெரிது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்காக இந்தியத் தர நிறுவனம் வகுத்த ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னையை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. இமயமலை அடிவாரத்தைப் போன்ற ஆபத்து இங்கே இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் உண்டான 5.5 அளவு நிலநடுக்கம் சென்னையை உலுக்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26, 2012 ஏப்ரல் 11 ஆகிய நாள்களில் சுமத்ரா பக்கம் எழுந்த அதிர்வுகளும் இங்குள்ள உயரமான கட்டடங்களின் மேல்மாடிகளில் உணரப்பட்டன. அருகில் வரும் நடுத்தர நிலநடுக்கம், தொலைவில் வரும் பெரிய நிலநடுக்கம் இரண்டையுமே நம் மண்ணுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னை முழுவதும் ஒரே தரை அல்ல. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் பாறை வெளியிலேயே தெரிகிறது. கிண்டியில் சில மீட்டர் தோண்டினாலே கடினமான தரை வந்துவிடும். வடக்கே வர வர அந்தப் பாறை ஆழத்துக்குப் போகிறது. அதன் மேல் கொசஸ்தலை ஆறும் கூவமும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மணல், வண்டல், சிப்பி கலந்த கடற்களிமண் எல்லாம் பத்துப் பத்து மீட்டராக அடுக்கியிருக்கின்றன. அவற்றின் மேல் மனிதர்கள் போட்ட அடுக்கு வேறு: தூர்ந்த ஏரி, மூடிய வாய்க்கால், கொட்டிய இடிபாடு, எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிப் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூரில் பல்லாண்டுக் குப்பை. பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே ஒரு துளையும் மேற்கே ஒரு துளையும் போட்டால் இரண்டும் வேறு வேறு ஊர் மண் போல இருக்கும்.

மென்மையான மண் ஆட்டத்தை ஏன் பெருக்குகிறது என்பதைக் காசிமேட்டுக் கரையில் நின்றாலே புரிந்துகொள்ளலாம். ஆழ்கடலில் படகுக்கு அடியில் தெரியாமல் போகும் அலை, ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் வேகம் இழக்கிறது. பின்னால் வரும் ஆற்றல் நிற்கவில்லை; அதனால் அலை உயர்ந்து எழுகிறது. பாறையில் விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் வரும் குறுக்கதிர்வு அலை (தரையைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை), 200 மீட்டர் வேகம் மட்டுமே தரும் வண்டல் மண்ணுக்குள் நுழையும்போதும் இதுதான் நடக்கிறது. அடர்த்தி வேறுபாட்டையும் சேர்த்து எளிய கணக்குப் போட்டால் அசைவின் வீச்சு சுமார் மூன்று மடங்காகும். மண்ணின் உராய்வு இதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். குலுக்கல் மிகப் பலமாக இருந்தால் மென்களிமண் இன்னும் அதிகமாகத் தின்னும். சென்னை எதிர்பார்க்க வேண்டிய மிதமான குலுக்கலில் அந்தத் தணிப்பை நம்பி இருக்க முடியாது.

இதைவிட முக்கியமானது ஒத்ததிர்வு. ஒவ்வொரு மண் அடுக்குக்கும் தனக்கென ஓர் ஆட்ட நேரம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம், உண்டு. அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அதில் அலை செல்லும் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 8 மீட்டர் தடிமனும் 300 மீட்டர் வேகமும் உள்ள மண்ணுக்கு அது 0.1 விநாடி. 30 மீட்டர் தடிமனும் 200 மீட்டர் வேகமும் உள்ள மண்ணுக்கு 0.6 விநாடி. கட்டடங்களுக்கு ஒரு மாடிக்கு 0.1 விநாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அப்படியானால் ஆறு தளக் கட்டடத்துக்கும் 0.6 விநாடி! பாறை மேலிருக்கும் பல்லாவரத்து ஆறு மாடிக்கும் அதன் கீழுள்ள தரைக்கும் தாளம் பொருந்தாது. வண்டல் மேலிருக்கும் ஆறு மாடிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு அலையும் கட்டடத்தை இன்னும் கொஞ்சம் தள்ளும்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையோரத்தில். நகரின் பாறைப் பகுதியில் இருந்த பல்கலைக்கழகத்தில் பதிவான உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. பழைய ஏரிக் களிமண் மேல் இருந்த கருவியில் அது ஏறக்குறைய 17 சதவீதம். அந்தக் களிமண்ணின் ஆட்ட நேரம் சுமார் 2 விநாடி. 6 முதல் 15 மாடி வரையுள்ள கட்டடங்கள்தான் மிக மோசமாக அடிபட்டன. அவற்றைவிடக் குட்டையானவையும் மிக உயரமானவையும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன.

இனி நம் விதித்தொகுப்புக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஐ.எஸ். 1893 மண்ணை மூன்று வகையாகப் பிரிக்கிறது. துளையில் சம்மட்டி அடித்துக் கிடைக்கும் 'என்' மதிப்பு 30க்கு மேல் என்றால் கடினம், 10 முதல் 30 வரை நடுத்தரம், 10க்குக் கீழ் மென்மை. 18 மீட்டர் உயரமுள்ள, ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்களோடு திறந்துவிட்ட தரைத்தளம்) வைத்து மேலே ஐந்து தளம் கொண்ட ஒரு கான்கிரீட் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்களைக் கணக்கில் சேர்க்காத சட்டகத்துக்கான சூத்திரப்படி அதன் ஆட்ட நேரம் 0.65 விநாடி அளவில் வரும். எடை 1,500 டன் என்று வைத்துக்கொள்வோம். வளைந்து கொடுக்கும் வகையில் கம்பி கட்டிய சட்டகமாக இருந்தால், கடினத் தரையில் அதற்குக் கணக்கிட வேண்டிய பக்கவாட்டு விசை சுமார் 37 டன். நடுத்தர மண்ணில் 50 டன். மென்மண்ணில் 60 டன். கட்டடம் அதேதான், வரைபடமும் அதேதான். மண் வகை என்ற ஒரு கட்டத்தில் எழுதப்படும் சொல்தான் இந்த 23 டன் வித்தியாசத்தை முடிவு செய்கிறது. செங்கல் சுவரையும் சேர்த்துக்கொள்ளும் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் ஆட்ட நேரம் அரை விநாடிக்கு அருகே இறங்கி, நடுத்தர மண்ணுக்கும் மென்மண்ணுக்கும் விசை ஒன்றாகிவிடும். ஆனால் ஸ்டில்ட் தளத்தில் சுவரே இல்லை என்பதை மறக்கக்கூடாது.

அந்தக் கட்டத்தில் எது எழுதப்படுகிறது என்பதில்தான் தவறு நுழைகிறது. விதி கேட்பது தரையிலிருந்து 30 மீட்டர் ஆழம் வரையான எடைச் சராசரி. ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் 'என்' மதிப்பால் வகுத்து, அவற்றைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் மொத்தத் தடிமனை வகுக்க வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள்: மேலே 3 மீட்டர் நிரப்பு மண், 'என்' 6. அடுத்து 6 மீட்டர் மணல், 10. அதன் கீழ் 7 மீட்டர் கடற்களிமண், 3. அப்புறம் 14 மீட்டர் இறுகிய மண், 35. தடிமனால் பெருக்கிச் சாதாரணச் சராசரி எடுத்தால் 19.6 வரும், 'நடுத்தரம்' என்று எழுதிவிடலாம். விதி சொன்ன முறையில் போட்டால் 7.8 வருகிறது, 'மென்மை' என்றுதான் எழுத முடியும். 7 மீட்டர் களிமண்ணின் பலவீனத்தை அடியில் இருக்கும் பலமான மண் ஈடுகட்டாது என்பதைச் சொல்லவே விதி இந்த முறையை வைத்திருக்கிறது. துளையே 12 மீட்டரோடு நின்றுபோயிருந்தால் எந்தச் சராசரியும் அர்த்தமில்லாதது. எஸ்.பி.சி. கேட்பவருக்கு 12 மீட்டர் போதும். நிலநடுக்கம் கேட்பதோ 30 மீட்டர்.

'என்' மதிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதையும் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 2131 சொல்லும் முறை எளிது. 63.5 கிலோ சம்மட்டி, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழ வேண்டும். இரண்டாகப் பிளக்கும் குழாயை 45 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளை விட்டுவிட்டு, கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ண வேண்டும். முக்காலியில் கயிறு சுற்றி ஆட்கள் இழுக்கும் சைட்டில் மதியத்துக்கு மேல் கை சோர்ந்துவிடும். 75 சென்டிமீட்டர் 60 ஆகிவிடும். ஒவ்வொரு அடியிலும் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் போய்விடுவதால், குழாயை இறக்கக் கூடுதல் அடிகள் தேவைப்படும். 12 வர வேண்டிய இடத்தில் 15 வரும். மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில் 5 மீட்டர் ஆழம் வரை குறைந்தது 15, 10 மீட்டருக்குக் கீழே குறைந்தது 25 'என்' இருக்க வேண்டும் என்பது விதி. 12 என்றால் மண்ணைத் திருத்து என்று சொல்லும் அதே விதி, 15 என்றால் விட்டுவிடும். கை சோர்ந்ததன் விலை அது. சம்மட்டித் தண்டில் 75 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டு, அடி எண்ணும் காணொளியை அறிக்கையோடு இணைக்கச் சொன்னாலே இந்தப் பிழை பெருமளவு குறையும்.

எதிர்த்திசையிலும் பிழை வரும். நிலத்தடி நீருக்குக் கீழே மணலில் துளை போடும்போது துளை மண்ணை அள்ளும் பெய்லர் குழாயைச் சட்டென்று மேலே இழுத்தால் துளைக்குள் நீர்மட்டம் விழுந்து, அடியிலிருந்து மணல் பொங்கி மேலேறும். அந்தக் குழைந்த மணலில் அடித்தால் 'என்' பொய்யாகக் குறையும். துளைக்குள் நீரோ பென்டோனைட் களிமண் கரைசலோ வெளி நீர்மட்டத்துக்கு மேலேயே எப்போதும் நிற்க வேண்டும். இடிபாடு நிரப்பிய இடத்தில் ஒரு செங்கல் துண்டு குழாயின் வாயில் சிக்கினால் 'என்' 50க்குப் போகும். அந்த எண்ணை அடித்துவிட்டு, அரை மீட்டர் தள்ளி மறுபடி அடிக்க வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை அடிப்பது வழக்கம். கடலோரத்திலும் கால்வாயோரத்திலும் முதல் 15 மீட்டருக்காவது ஒரு மீட்டருக்கு ஒரு முறை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் தடிமனுள்ள தளர்ந்த மணல் அடுக்கு இரண்டு அடிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

அந்தத் தளர்ந்த மணல்தான் அடுத்த கவலை. அலை பின்வாங்கியதும் ஈர மணலில் நின்று காலால் விடாமல் தட்டிப் பாருங்கள். சற்று முன் கெட்டியாக இருந்த மணல் குழைந்து, நீர் கசிந்து, குதிகால் புதையும். நிலநடுக்கம் அதே வேலையைப் பல மீட்டர் ஆழத்தில் செய்கிறது. குலுங்கக் குலுங்க மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கின்றன. இடையில் இருக்கும் நீர் வெளியேற நேரமில்லை. சுமையைத் துகளிடமிருந்து நீர் வாங்கிக்கொள்கிறது. துகளும் துகளும் அழுத்திப் பிடித்திருந்த பிடி விட்டுப்போய் மணல் திரவமாகிறது. 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தது இதனால்தான். 2011இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் வீட்டுப் பகுதிகள் முழுவதையுமே கைவிட வேண்டி வந்ததும் இதனால்தான்.

விதித்தொகுப்பின் பின்னிணைப்பு இதற்கான கணக்கைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறது. அதில் நீர்மட்டம் என்ற ஒரு வரி இருக்கிறது. வட சென்னையில் அந்த வரிதான் முடிவையே புரட்டிப் போடுகிறது. 6 மீட்டர் ஆழத்தில் சுத்தமான மணல், எல்லாத் திருத்தங்களும் செய்த பின் 'என்' 10, நில அதிர்வின் அளவு 6.5, தரை முடுக்கம் மூன்றாம் நில அதிர்வு மண்டலத்துக்கான, புவியீர்ப்பில் 0.16 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் துளை போட்டு, நீர்மட்டம் 4 மீட்டரில் என்று பதிவானால், திரவமாதலுக்கு எதிரான பாதுகாப்புக் காரணி 1.3க்கு மேல் வரும். நவம்பரில், மழை கொட்டித் தீர்த்த பின் நீர் 1 மீட்டரில் நிற்கும்போது அதே மணலுக்கு அதே கணக்கு 0.92 காட்டும். ஒன்றுக்குக் கீழ் என்றால் மண் திரவமாகும் என்று பொருள். மணல் மாறவில்லை, கட்டடமும் மாறவில்லை. துளை போட்ட மாதம்தான் மாறியது. ஆகவே துளை எந்த மாதம் போடப்பட்டாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் உயர்ந்த நீர்மட்டத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று எழுத்தில் கட்டாயமாக்குங்கள். தெருவில் ஒரு பழைய உறைகிணறு இருந்தால் போதும்: மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறும் என்பதை அதன் சுவரில் படிந்த கறை காட்டும்.

எந்த மண் திரவமாகும், எது ஆகாது என்பதற்குச் சல்லடைச் சோதனையும் நெகிழ்வுத்தன்மைச் சோதனையும் வேண்டும். நெகிழ்வுள்ள களிமண் பொதுவாகத் திரவமாகாது. ஆனால் அது ஆட்டத்தைப் பெருக்கும். நெகிழ்வே இல்லாத வண்டல், மணலைப் போலத்தான் நடந்துகொள்ளும். நீரில் கலந்து வந்து படிந்த சாம்பல் இந்த இரண்டாவது வகை. துகள் பொடியாக இருக்கிறது என்பதற்காக அறிக்கையில் 'களிமண்' என்று எழுதிவிட்டுத் திரவமாதல் கணக்கையே தவிர்ப்பதை நீங்கள் ஏற்கக்கூடாது. 75 மைக்ரான் சல்லடையில் எத்தனை சதவீதம் கடந்தது, நெகிழ்வெண் எவ்வளவு, இயல்பான ஈரப்பதம் எவ்வளவு என்று ஒவ்வொரு அடுக்குக்கும் கேளுங்கள். மாதிரியைப் பிளவுக் குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். துளையிலிருந்து வரும் கழுவு நீரில் பிடித்த மாதிரியில் பொடித் துகள் எல்லாம் ஓடிப்போயிருக்கும்.

பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் அடித்தளத் தூண்) போட்டுவிட்டோம், கவலையில்லை என்ற பேச்சு சைட்டுகளில் அடிக்கடி கேட்கிறது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத் நிலநடுக்கத்தில் கண்ட்லா துறைமுகத்தின் அலுவலகக் கோபுரம் பைல் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அடியில் இருந்த மண் திரவமானதில் அது சாய்ந்தது. திரவமான அடுக்கில் பைலுக்குப் பக்க உராய்வும் இல்லை, பக்கவாட்டுப் பிடிப்பும் இல்லை. அதற்கு மேலே இருக்கும் மண் இறங்கும்போது பைலையும் கீழே இழுக்கும். திரவமான மண்ணும் கெட்டி மண்ணும் சந்திக்கும் ஆழத்தில்தான் பைல் மிக அதிகமாக வளையும். ஆனால் செலவு மிச்சம் என்று கம்பிக் கூண்டை மேலே சில மீட்டரோடு நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. கூண்டு அந்தச் சந்திப்பைத் தாண்டி, கெட்டி மண்ணுக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். பைல் வரைபடத்தின் பக்கத்திலேயே துளைப் பதிவை ஒரே அளவில் வரைந்து தரச் சொன்னால், கூண்டு எங்கே முடிகிறது என்பது உங்கள் மேசையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டும் கிடங்குகளுக்கும் தொட்டிகளுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வீட்டுக்கு வீடு இருக்கும் சம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. திரவமான மண், நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. காலியான நிலத்தடித் தொட்டி அதில் படகு போல மேலெழும். அதோடு இணைந்த குழாய்கள் அறுந்துபோகும். கழிவுநீர் ஆள்நுழைகுழிகளுக்கும் இதே கதிதான். தளர்ந்த மணல் உள்ள தெருக்களில் தொட்டியின் தளத்தைச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டிக் கட்டி, அதன் மேல் நன்றாகத் திமிசு போட்ட சரளையை நிரப்பினால் கூடுதல் பாரம் கிடைக்கும்.

கட்டடத்தின் மேல்பகுதியையும் விட்டுவிட முடியாது. ஏனெனில் மண் பெருக்கிக் கொடுக்கும் ஆட்டம் கடைசியில் வந்து சேருவது ஸ்டில்ட் தளத் தூண்களில்தான். அதே 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில், சபர்மதி வண்டல் மேல் நின்ற அடுக்குமாடிகள் பல சரிந்தன. கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டவைதான் அவற்றில் அதிகம். நம் ஊரில் 18.30 மீட்டருக்கு உட்பட்டு, உயரக் கட்டட விதிகளுக்குள் வராமல், ஸ்டில்ட் வைத்து எழும் கட்டடங்கள் அதே வடிவம்தான். மூன்றாம் நில அதிர்வு மண்டலத்தில், வளைந்து கொடுக்கும்படி கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920 கட்டாயம். தூணின் ரிங் கம்பிக் கொக்கியை 135 பாகைக்கு மடக்க வேண்டும். மடக்கிய பின் உள்ளே நீளும் வால் கம்பி விட்டத்தின் ஆறு மடங்காவது, அதோடு 65 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 90 பாகைக்கு மடக்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று மேஸ்திரி நினைப்பது இயல்பு. ஆனால் கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் உதிர்ந்ததும் 90 பாகைக் கொக்கி பிரிந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் ஸ்டில்ட் தூண் ஒவ்வொன்றின் அடியிலும் தலையிலும் எடுத்த படத்தைப் பதிவேற்றினால்தான் அடுத்த கட்டச் சான்று என்று வையுங்கள்.

30 மீட்டர் துளைக்கு ஆகும் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. தரை மேல் நேர்கோட்டில் 24 ஜியோஃபோன்களை (தரை அதிர்வை உணரும் கருவிகளை) மீட்டருக்கொன்றாகவோ இரண்டு மீட்டருக்கொன்றாகவோ நட்டு, எஃகுத் தட்டில் 8 கிலோ சம்மட்டியால் அடித்து, பரப்பு அலைகளிலிருந்து குறுக்கதிர்வு அலையின் வேகத்தை ஆழவாரியாகக் கணக்கிடும் முறை சென்னையில் பழக்கமானதுதான். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை இந்த நகரின் பல இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு குறுக்கிடும். ஞாயிறு அதிகாலையில் அளந்து, ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து அடிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பதிவு தெளிவாகும். இந்த அளவீட்டோடு ஒரே ஒரு ஆழ்துளை சேர்ந்தால் ஒரு மனைக்குப் போதுமானது. துளை இல்லாமல் இதை மட்டும் ஏற்கவும் கூடாது. வேகம் தெரியும், மண் எது என்று தெரியாது.

அரை கிரவுண்டில் இரண்டு மாடி கட்டும் குடும்பத்தின் மேல் இந்தச் செலவைச் சுமத்துவது நியாயமில்லை. இரண்டு மாடி வீட்டுக்கு மண் வகையால் விதிக்கணக்கின் விசையும் பெரிதாக மாறாது. திரவமாதல்தான் அவர்களுக்கு உள்ள ஆபத்து. அதற்கான விடை தனி மனைக்குள் கிடைக்காது, தெரு அளவில்தான் கிடைக்கும். மாநகராட்சியே வார்டு வாரியாகக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆழ்துளைகள் போட்டு, அந்தப் பதிவுகளை எல்லோரும் பார்க்கும் வரைபடத்தில் வைக்கலாம். பாதி வேலை ஏற்கெனவே முடிந்தும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரையான மெட்ரோ பாதைக்கும், மாதவரத்திலிருந்து கிளம்பும் புதிய பாதைகளுக்கும், மேம்பாலங்களுக்கும், துறைமுகங்களுக்கும், வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளுக்கும் போட்ட துளைகளின் பதிவுகள் அந்தந்த அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. இனி அனுமதிக்கு வரும் ஒவ்வொரு மண் அறிக்கையையும் அமைவிடக் குறியீட்டோடு அதே வரைபடத்தில் ஏற்றினால், சில ஆண்டுகளில் ஆறு மண்டலங்களின் மண்ணும் தெரு தெருவாகத் தெரிந்துவிடும். அதோடு பழைய வருவாய்த் துறை நில அளவைப் படங்களில் ஏரி, குட்டை, வாய்க்கால் என்று குறித்த இடங்களையும் வண்ணம் தீட்டிக் காட்ட வேண்டும். வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் தூர்ந்த நீர்நிலை எது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பின் அந்தப் படங்கள்தான் சொல்லும்.

முழு வரைபடம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் நான்கு கட்டங்களை இப்போதே சேர்க்கலாம்: 30 மீட்டர் வரையான விதிமுறைச் சராசரி 'என்', அதன்படி மண் வகை, கணக்கில் எடுத்த பருவமழைக்கால நீர்மட்டமும் அது தெரிந்த விதமும், 15 மீட்டர் ஆழம் வரை ஒவ்வொரு மணல், வண்டல் அடுக்குக்கும் திரவமாதல் பாதுகாப்புக் காரணி. ஸ்டில்ட் உள்ள கட்டடம் எதுவானாலும் இந்த நான்கும் நிரம்பாமல் கோப்பு நகரக்கூடாது. படிவத்தின் மாதிரியையும், மேலே சொன்ன கணக்குகளைப் படிப்படியாகச் செய்யும் தாளையும் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். மண்டல அலுவலகங்களில் பொறியாளர்களுக்கு அரை நாள் உட்கார்ந்து விளக்கவும் வருவோம்.

இப்படிக்கு,
வட சென்னையில் மண் ஆய்வும் அடித்தள வடிவமைப்பும் செய்யும் பொறியாளர்கள்